பாட்டிலில் குறை எதுவும் இல்லை

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். சோதனைகளை எப்படிச் செய்வது என்று என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வந்திருப்பீர்கள். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனை வருட வேலையில் நான் மிகவும் பயந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று எந்தச் சோதனையும் தோற்கவில்லை. எல்லாம் தேறியிருந்தன.

அப்போது நான் மலையாளம் பேசும் ஊரான கழக்கூட்டத்துக்கு அப்பால், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு சிறிய தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். கான்டாக்ட் லென்ஸ் சுத்தம் செய்யும் திரவம் தயாரித்தோம். ஓர் அட்டைப் பெட்டிக்குள் இரண்டு பாட்டில்கள். ஒன்றாம் பாட்டிலில் என்சைம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது சுரக்கும் நொதியை மட்டும் பிரித்து, உயிருள்ள எதுவும் மிஞ்சாதபடி வடிகட்டிச் சேர்ப்போம். கண்ணீரில் இருக்கும் புரதம் லென்ஸில் ஒட்டி மங்கலாக்குகிறது அல்லவா, அந்தப் படலத்தை என்சைம் கரைத்துவிடும். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. கொல்வது இரண்டாம் பாட்டிலின் வேலை. ஒன்றால் தேய்த்து, இரண்டால் அலசி, மறுபடி போட்டுக்கொள்ளும்வரை இரண்டிலேயே ஊறவைக்க வேண்டும். பெட்டியில் எல்லாம் அச்சிட்டிருந்தோம்.

ஒரு நாள் காலை வாசல் காவலாளி கூப்பிட்டு, யாரோ ஒருவர் நம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சத்தம் போடுகிறார் என்றார். போய்ப் பார்த்தேன். தக்கலையில் தையல் கடை வைத்திருப்பவர். கழக்கூட்டத்தில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தன் மகளின் கண்ணுக்காக வந்திருந்தார். மகள் பெயர் ஜெபா. பெட்டியின் மேல் நாங்களே பெருமையாகப் போட்டிருந்த வரியை விரலால் குத்திக் காட்டினார்.

“பாக்டீரியாவுல இருந்து எடுத்ததுன்னு நீங்களே எழுதி வச்சிருக்கிய. கிருமியக் குப்பியில அடச்சா விக்கிய? எனக்க பிள்ளைக்க கண்ணு அவிஞ்சு போவுது. ராத்திரி பகலா கெடந்து அலறுகா.”

என்சைம் வேறு, கிருமி வேறு என்று விளக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். வகுப்பு எடுக்கும் இடமா அது? பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நானே சோதிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பாதித் திரவம் மீதமிருந்த ஒன்றாம் பாட்டிலைக் கொடுத்தார்.

அன்று மதியமே அந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை அளிக்கும் கண் மருத்துவர் தொலைபேசியில் வந்தார். ஏறக்குறைய என் வயதுக்காரர், மலையாளி. சுற்றி வளைக்கவில்லை.

“வலி தாங்க முடியாம துடிக்கிறா. ஆனா அவ்வளவு வலிக்குத் தகுந்த மாதிரி கண்ணுல எதுவும் தெரியல. ஆன்டிபயாடிக் ஊத்தியும் குறையல. கருவிழியில சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்தேன், ஒண்ணும் முளைக்கல. உங்க பாட்டில்ல ஏதாவது இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வைரஸ்னு வச்சு, வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்.”

“தண்ணியில இருக்கிற அமீபாவா இருக்குமோ டாக்டர்?”

“முதல்ல அதத்தான் சந்தேகப்பட்டேன். பைப் தண்ணியில லென்ஸ் கழுவுவியா, ஆத்துல குளத்துல குளிச்சியான்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். இல்லவே இல்லைங்கிறா. தினமும் உங்க மருந்து போட்டுத்தான் சுத்தம் பண்ணுவாளாம்.”

எங்கள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்யும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு, வேதியியல் படித்து, இந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்தவர். கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகக் கேட்டுக்கொண்டு, தவறைத் தெற்று என்று சொல்லும் தன் மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

“டெஸ்ட் பண்ணுங்க மேடம். நம்ம தெற்றுன்னா நாமளே ஒத்துக்கிடலாம். இல்லன்னா ஒரு வார்த்தை வெளிய போகப்படாது, கேட்டோ.”

சோதித்தோம். அந்தத் தகப்பனார் கொடுத்த பாட்டிலையும், அதே தயாரிப்பில் நாங்கள் எடுத்து வைத்திருந்த மாதிரிகளையும் சேர்த்தே பார்த்தோம். முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. எதிலும் கிருமி வளரவில்லை. என்சைமின் வலு சரியாக இருந்தது. அமிலத்தன்மையும் சரி. கடைசி முடிவு வந்தபோது ஆய்வகத்தில் யாரோ கைதட்டினார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. கை கழுவப் போனேன். குழாயைத் திறந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. எங்கள் பாட்டில் இல்லையென்றால் அந்தக் கண்ணை எது தின்றுகொண்டிருக்கிறது? இன்னொன்றும் உறைத்தது. மருத்துவர் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பாட்டில் சுத்தம் என்று சொன்னால் அவருக்கு ஒரு கதவு அடைபடும், வைரஸ் என்ற கதவு திறக்கும், ஸ்டீராய்டு ஆரம்பமாகும். வைரஸ் இல்லாமல் உயிருள்ள வேறொன்று உள்ளே இருந்தால், ஸ்டீராய்டு அதற்கு வழிவிட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் சொல்லப்போகும் உண்மையே அந்தக் கண்ணைக் கெடுத்துவிடலாம்.

உங்களுக்கும் இப்படி ஒரு தருணம் வரும். நம்மேல் பழி இல்லை என்று கையில் ஆதாரம் கிடைத்த நிமிடத்தில் யோசனையை நிறுத்திவிடத் தோன்றும். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் நீங்கள் நிறுத்துவதையே விரும்புவார்கள். அந்த நேரத்தில் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். பாட்டிலைச் சோதித்துவிட்டேன், சரி. அதை அந்தப் பெண் என்ன செய்தாள் என்று யாராவது பார்த்தோமா?

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“நம்ம கம்பெனி வக்கீல் என்ன சொன்னாருன்னு தெரியுமல்லோ? டாக்டருக்குப் பதில் அவரே எழுதி அனுப்புவாரு. நீங்க போய் நின்னா நாம பயந்துட்டோம்னு ஆயிரும்.”

“பயந்துதான் சார் இருக்கேன்.”

“பின்னே கம்பெனி ஆளாப் போகாதீங்க.”

“வேற எந்த ஆளாப் போறது?”

போகவேண்டாம் என்று அவர் மறுபடி சொல்லவில்லை. ஒரு புதுப் பெட்டியையும், லென்ஸ் வைக்கும் காலி டப்பா ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மருத்துவரைக் கூப்பிட்டு, நான் வந்து சேரும்வரை ஸ்டீராய்டை ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். “காரணம்?” என்றார். “இன்னும் காரணம் கிடைக்கல டாக்டர்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சீக்கிரம் வாங்க” என்றார்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. ஆட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்னும் முகம்கூடப் பார்த்திராத ஒரு பெண்ணின் கண்ணை நினைத்து எனக்கு வியர்த்து ஊற்றியது.

ஆஸ்பத்திரி அறையின் வாசலில் தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்துக்கொண்டார்.

“எதுக்கு வந்திய? பிள்ளைக்கிட்ட கையெழுத்து வாங்கவா?”

“இல்லீங்க. அவ லென்ஸை எப்படிக் கழுவுவான்னு ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டணும். அவ்வளவுதான், போயிடறேன்.”

“அவ கண்ணத் தொறக்க மாட்டாம கெடக்கா. இப்ப அவ செஞ்சு காட்டணுமா?”

மருத்துவர் வந்துவிட்டார். “என் முன்னாலயே நடக்கட்டும்” என்று தகப்பனாரைத் தோளில் தொட்டு விலக்கினார்.

உள்ளே ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். ஜெபா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் மூடி ஒட்டியிருந்தது. மற்றக் கண்ணும் வெளிச்சத்துக்குக் கூசிச் சுருங்கியிருந்தது. நான் யார் என்று சொன்னதும் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“எத்தன தடவ சொல்லணும் மேடம்? தெனமும் சுத்தம் பண்ணுவேன். ஒரு நாள்கூட விட்டது இல்ல. பைப்பு வெள்ளம் தொட்டதே இல்ல.” அவர்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

“நீ சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா சொல்ல வேண்டாம். ஹாஸ்டல்ல எப்படிச் செய்வியோ அப்படியே செய். லென்ஸ் இருக்கிற மாதிரி நினைச்சுக்கோ.”

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையை அவள் முன்னால் இழுத்து, பெட்டியையும் டப்பாவையும் வைத்தேன். அவளுக்கு எரிச்சல்தான். என்னைச் சீக்கிரம் அனுப்பினால் போதும் என்று ஆரம்பித்தாள். கை கழுவுவது மாதிரி தேய்த்துக் காட்டினாள். ஒன்றாம் பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் சொட்டு விட்டாள். இல்லாத லென்ஸை விரலால் பதமாகத் தேய்த்தாள். யாரும் குறை சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி. அடுத்து அவளுடைய இடது கை பலகையைத் தாண்டிப் போய்க் காற்றில் எதையோ துழாவியது. இரண்டாம் பாட்டில் அவள் வலது பக்கம் இருந்தது.

“என்ன தேடற?”

“குப்பி... இங்க இல்லியே அது.”

“எந்தக் குப்பி?”

“வெள்ளக் குப்பி. ஹாஸ்டல் பில்டர்ல பிடிச்சு மேசையில வச்சிருப்பேன். அதுலதான் அலசுவேன்.”

மருத்துவர் கட்டில் அருகில் வந்துவிட்டார். “தண்ணியில கழுவ மாட்டேன்னு சொன்னியே மோளே?”

“பைப்பு வெள்ளமான்னு கேட்டிய டாக்டர். இது பில்டர் வெள்ளம் இல்லா? குடிக்கியது அதத்தான்.”

அவள் பொய் சொல்லவில்லை. மருத்துவர் கேட்கத் தவறவும் இல்லை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். வடிகட்டிய தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் வடிகட்டும் இயந்திரத்தின் தொட்டியிலும் அமீபா ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்க முடியும்.

இரண்டாம் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். “இது?”

“மொதல்ல கொஞ்ச நாளு போட்டேன் மேடம். பின்ன, இந்த ஒண்ண போட்டாலே லென்ஸு புதுசு மாதிரி ஆவுது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அப்பம் ரெண்டாவது எதுக்கு? கடையிலயும் ஒண்ணு மட்டும் தனியாத் தருவாவ.”

கடைசி வாக்கியம் என்னை உலுக்கியது. நாங்கள் பாட்டில்களைத் தனியாக விற்றதே இல்லை.

மருத்துவர் அதற்குள் வெளியே போய்ச் செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றே மறுபடியும் கருவிழியைச் சுரண்டி எடுத்தார். இந்த முறை என்ன தேட வேண்டும் என்று தெரிந்து தேடினார். நான் தகப்பனாரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், ஆளுக்கொரு முனையில். மருத்துவர் வெளியே வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தோம்.

“அமீபாதான். கூடு கட்டி உட்கார்ந்திருக்கு. மருந்தை மாத்தறேன். மணிக்கொரு தடவை ஊத்தணும், மாசக்கணக்கா ஆகும். கண்ணு பிழைக்கும்னு இப்ப வாக்குக் குடுக்க முடியாது. ஸ்டீராய்டு ஊத்தியிருந்தா கண்ணு போயே போயிருக்கும்.”

அவர் போன பிறகு தகப்பனார் என்னிடம் திரும்பினார். “அப்பம் கிருமி ஒங்க குப்பியில இல்லியா?”

“இல்லீங்க. ஆனா அந்தக் குப்பி கிருமியைக் கொல்லாதுன்னு உங்க பொண்ணுக்குப் புரியற மாதிரி நாங்க சொல்லல.”

அவர் மறுபடி உட்கார்ந்தபோது கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம்விட்டு உட்கார்ந்தார்.

அங்கிருந்தே முதலாளியைக் கூப்பிட்டேன். “சார், பாட்டில்ல குறை எதுவும் இல்ல. ஆனா இதுக்குக் காரணம் நம்ம பாட்டில்தான்.” முழுவதும் கேட்டுவிட்டு அவர், “அது அந்தப் பிள்ளை செஞ்ச தெற்று. பெட்டியில எழுதியிருக்கல்லோ” என்றார். “ஒருத்தி செஞ்சா அவ தப்பு. இன்னும் எத்தனை பேர் செய்யறாங்கன்னு தெரிய வேண்டாமா? தனியா யார் விக்கறாங்கன்னும் பார்க்கணும்” என்றேன். “ஆரியசாலைக்கு, அண்ணன் கடைக்கு வாங்க” என்றார் அவர். பிரித்து விற்பது எங்கே என்று அப்போதே ஊகித்திருக்க வேண்டும்.

அண்ணன் கடையின் பின்பக்கத்தில், பிரித்த அட்டைப் பெட்டிகளின் குவியலுக்குப் பக்கத்தில் ஒன்றாம் பாட்டில்கள் தனியாக அடுக்கியிருந்தன. இன்னொரு மூலையில் இரண்டாம் பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. முதலாளி அதைப் பார்த்தபடி நின்றார். அண்ணனுக்கு என்ன விஷயம் என்றே புரியவில்லை.

“ஒண்ணுதான் ஓடும் தம்பி. ரெண்ட ஆளு கேக்கறதே இல்ல. பிரிச்சுக் குடுத்தா கடைக்காரன்மாரு சந்தோசமா வாங்கிட்டுப் போறான். அதுல என்ன தெற்று?”

“அண்ணாச்சி, அது பிரிச்சு விக்கற சாதனமில்ல.”

“சொல்லீருந்தா பிரிச்சிருக்க மாட்டமே! சோப்பும் பவுடரும் பிரிச்சு விக்கலியா?”

அண்ணனிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லாதவர் முதலாளி. தயங்கினார். தொழிற்சாலையில் உற்பத்தியான சரக்கில் பெரும்பங்கு அந்தக் கடை வழியாகத்தான் போனது. திரும்ப வாங்கு என்று சொன்னால் அண்ணனுக்குக் கடைக்காரர்கள் முன்னால் அவமானம். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும், இதோடு இது நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. அப்போது ஓர் இளம்பெண் மாடிப்படியில் இறங்கி வந்தாள். அண்ணனின் மகள், கல்லூரியில் படிப்பவள். லென்ஸ் போட்டிருந்தாள். சும்மாதான் கேட்டேன்.

“நம்ம மருந்துதான் போடறியாம்மா?”

“ஓ, அதுதான் ஆன்ட்டி. சூப்பரா க்ளீன் ஆகும்.”

“ரெண்டாவது பாட்டில்ல எவ்வளவு நேரம் ஊறவைப்ப?”

“ரெண்டாவதா? அது எந்தா?”

அண்ணன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். மகளின் முகத்தை, அதிலும் கண்களை, இதுவரை பார்க்காததைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவளிடம் என்னவென்று விளக்கவில்லை. “மோளே, அத மொதல்ல கழட்டு” என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, ஒவ்வொரு கடையாகக் கூப்பிட ஆரம்பித்தார். தனியாகப் போன பாட்டில் எதையும் விற்காதே, ஆள் அனுப்புகிறேன், கொடுத்துவிடு என்று. நாங்கள் யாரும் அவரிடம் கேட்கக்கூட இல்லை.

அதன்பின் முதலாளி வக்கீலைக் கேட்காமலேயே ஊரில் உள்ள கண் மருத்துவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லச் சொன்னார். விற்பனையை நிறுத்திவிட்டுப் பெட்டியை மாற்றினோம். இரண்டு பாட்டில்களையும் ஒரே உறைக்குள் ஒட்டி, பிரித்தால் கிழியும்படி செய்தோம். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இரண்டுக்கு வெள்ளை மூடி. சிவப்பு மட்டும் போட்டால் கிருமி சாகாது, எந்தத் தண்ணீரும் கூடாது என்று முகப்பிலேயே தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக அச்சிட்டோம்.

என்சைமைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். அது தன் வேலையை அருமையாகச் செய்தது. அப்படிச் செய்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. லென்ஸ் பளபளத்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று மனிதர்கள் நம்பிவிட்டார்கள். நம் பொருள் எந்த இடத்தில் நன்றாக இருக்கிறதோ அங்கேதான் ஆட்கள் ஏமாறுவார்கள் என்பதை எந்தச் சோதனையும் எனக்குக் காட்டியதில்லை.

ஜெபாவின் கண் பிழைத்தது. மாதங்கள் பிடித்தன. கருவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது, அந்தக் கண்ணில் பார்வை கொஞ்சம் மங்கல்தான். மருந்து நிறுத்திய பிறகு அவள் பரிசோதனைக்கு வந்த ஒரு நாள் மருத்துவர் என்னையும் வரச் சொன்னார். காத்திருக்கும் கூடத்தில் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைகளுக்குப் போகத் தயாராகிவிட்ட புதுப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பாராட்டுவாள் என்றும் ஒரு நினைப்பு, மறைப்பானேன்.

திருப்பித் திருப்பிப் படித்தாள். “நல்லா இருக்கு மேடம்” என்றாள். “எனக்க வேல என்னன்னு தெரியுமா? டெஸ்டிங். ஆளுங்க எப்பிடியெல்லாம் தப்பா அமுக்குவாங்கன்னு அமுக்கிப் பாக்கது. பத்து பேரு ஒரே எடத்துல தப்பா அமுக்கினா நாங்க ஆளுங்களக் குத்தம் சொல்ல மாட்டோம். பட்டன்லதான் பிழைன்னு எழுதுவோம்.”

பேசிக்கொண்டே உறையைக் கிழித்தாள். இரண்டு மூடிகளையும் கழற்றி மடியில் வைத்தாள். சிவப்பை எடுத்து இரண்டாம் பாட்டிலில் வைத்துத் திருகினாள். வெள்ளையை ஒன்றாம் பாட்டிலில் திருகினாள். இரண்டும் அப்படியே கச்சிதமாகப் பொருந்தின. பாட்டில்களை என் பக்கம் நீட்டினாள்.

“கண்ணு மங்கினவங்கதானே மேடம் இத வாங்குவாங்க. அவசரத்துல மூடி மாறிப் போயிட்டா?”

அவளுடைய முறை வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனாள். நான் அந்த இரண்டு பாட்டில்களையும் கையில் வைத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்து முதலாளியைக் கூப்பிட்டேன். தொலைபேசியில் அவருக்குப் பின்னால் வண்டியில் சரக்கு ஏற்றும் சத்தம் கேட்டது.

“எந்தா மேடம்? வண்டி கிளம்பப் போகுது.”

“நிறுத்துங்க சார்” என்றேன்.